ஏழு வெற்றி, ஐந்து தோல்வி

வீடு மாற்றுவது எப்படி என்று யாராவது வகுப்பு எடுக்கச் சொன்னால், நானும் என் மனைவி டார்லாவும் தாராளமாக எடுக்கலாம். பீங்கான் தட்டுகளைப் படுக்கப்போட்டு அடுக்கக் கூடாது, நிறுத்திவைத்துத்தான் அடுக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியுமா, மேடம்? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஓக்லஹோமாவில் ஒரு முழு செட்டைப் பறிகொடுத்துத்தான் நாங்களே கற்றுக்கொண்டோம்.

டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் சொல்லுங்கள். டார்லா இருந்தால் அளவாகப் போடுவாள். எனக்குக் கை தாராளம்.

டேவியன் ப்ரூயட் அந்த வியாழக்கிழமை ஜிம்முக்குத் தானாக வந்தானா, யாராவது வரச்சொன்னார்களா என்று கேட்கத்தான் பல்கலைக்கழகம் உங்களை அனுப்பியிருக்கிறது. சொல்கிறேன். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் நான் ஏதோ கெட்டவன் மாதிரி தெரியும். அதனால் வீடு மாற்றுவதிலிருந்தே வருகிறேன். வக்கீல்களுக்குப் பொறுமை அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கல்லூரி ஃபுட்பால் அணிகளுக்கு உடற்பயிற்சிக் கோச்சாக இருப்பது என் தொழில். பந்தைக் கையால் எறிவது, பிடிப்பது, எதிராளியை மறிப்பது எல்லாம் மற்ற கோச்சுகள் பாடு. நான் உடம்பைச் செய்கிறவன். பதினெட்டு வயதில் ஒரு பையன் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி வந்து நிற்பான். மூன்று வருஷத்தில் வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்பான். அவன் அம்மா வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பாதி சந்தோஷம், பாதி துணிக்கடைச் செலவை நினைத்து.

அருமையான வேலை. ஒரே ஒரு குறை. தலைமைக் கோச் தோற்றால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கூடவே எங்களையும். அவர் ஜெயித்தாலோ பெரிய பல்கலைக்கழகம் ஒன்று வந்து அவரைக் கொத்திக்கொண்டு போய்விடும். அடுத்து வருகிறவர் தன் ஆளைத் தானே கொண்டுவருவார். ஆக, தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டும், ஜெயித்தாலும் மூட்டை கட்ட வேண்டும். எங்கள் மகள் டெஸ்ஸா ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, 'என் வீடு' என்று படம் வரையச் சொன்னார்கள். அவள் ஒரு லாரியை வரைந்து, அதற்கு ஜன்னலும் திரைச்சீலையும் போட்டுவைத்தாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். டார்லா காருக்குள் போய் உட்கார்ந்து அழுதாள்.

அலபாமாவில் இந்த டெல்வுட்டுக்கு நாங்கள் வந்தபோது டெஸ்ஸா கல்யாணமாகிப் போயிருந்தாள். டார்லாவுக்கு உயர்நிலைப் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. போன இடங்களிலெல்லாம் அதே வேலைதான் பார்த்தாள். ஆனால் எங்கேயும் நட்டதைப் பூக்கும்வரை பார்த்ததில்லை. இந்த அடுப்புப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

"வெண்டல், இந்தத் தடவை ஒம்பதாவது பசங்களோட ஆரம்பிக்கறேன். அவங்க பன்னெண்டாவது முடிச்சு சர்டிபிகேட் வாங்க மேடையேறுறப்ப பியானோவுல நான் இருக்கணும். ஒரு வகுப்பையாவது கடைசிவரைக்கும் பாத்துடணும்."

"பாப்ப," என்றேன்.

"சும்மா சொல்லாத."

"சத்தியமா."

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், மேடம். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

தலைமைக் கோச் ஹோயட் கிம்ப்ரோ தங்கமான மனிதர். பையன்களைத் திட்டினால் அன்று சாயங்காலமே கூப்பிட்டு சமாதானம் பேசுவார். எங்கள் இரண்டாவது வருஷத்தில் அணி திடீரென்று சூடுபிடித்துவிட்டது. யாரைக் கண்டாலும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தோம். ஊரே ஆடிக்கொண்டிருந்தது. ஒருநாள் டார்லா மளிகைக் கடையிலிருந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பெகி கிம்ப்ரோவைப் பாத்தேன்," என்றாள்.

"சரி."

"டெக்சாஸ்ல நல்ல தக்காளி கெடைக்குமான்னு கேட்டா."

தலைமைக் கோச்சின் மனைவி வேறொரு மாநிலத்துத் தக்காளியைப் பற்றி விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் என்ன செய்தேன் என்றால், வியாழக்கிழமைப் பயிற்சியைக் கொஞ்சம் மாற்றினேன். சனிக்கிழமை ஆட்டம் இருந்தால், கால்களுக்கான கனமான பயிற்சியை வாரத் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். தோளில் பாரம் வைத்து உட்கார்ந்து எழுவது, பெட்டிமேல் தாவுவது எல்லாம் அதற்குள் அடங்கும். வியாழக்கிழமை சும்மா உடம்பைத் தளர்த்திவிட்டால் போதும். அந்தக் கனத்தை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை பையன்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை முதல் பாதியில் பறப்பார்கள். கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் கால் ஈர மணலில் இறங்கியது போல ஆகிவிடும். அரை நொடி தாமதம், அவ்வளவுதான். அதற்குமேல் எதிராளி பார்த்துக்கொள்வான்.

மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. பையன்களை இன்னும் கொஞ்சம் உழைக்கச் சொன்னேன். உழைக்கச் சொல்வது குற்றம் என்கிற ஊரை நான் பார்த்ததில்லை. எத்தனை ஊர் பார்த்திருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தடுத்துச் சில ஆட்டங்கள் கைநழுவிப்போயின. டெக்சாஸ்காரர்கள் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு போனார்கள். பெகி தக்காளிப் பேச்சையே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இது எனக்குக் கார் ஓட்டுவது மாதிரி ஆகிவிட்டது. அணி தொய்ந்தால் பையன்களைப் புத்தம்புதுக் கால்களோடு இறக்குவேன். வேகம் கூடினால் ஒரு வியாழக்கிழமை. வருஷத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம். ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. கல்லூரி ஃபுட்பாலில் அதைவிட நிம்மதியான கணக்கு கிடையாது, மேடம். அந்த வேகத்தில் போனால் போலீஸ்காரனும் மறிக்க மாட்டான், பின்னால் வருகிறவனும் ஹாரன் அடிக்க மாட்டான்.

கிம்ப்ரோவுக்குத்தான் கொஞ்சம் சிரமம். முடி வெட்டப் போனால்கூட விடமாட்டார்கள். "என்ன கோச், நேத்தும் கடைசி நிமிஷத்துல பசங்கள தூங்க வெச்சிட்டீங்களா?" என்று கத்தரியோடு நிற்கிறவன் கேட்பான். அவருக்கு வயிற்றில் புண் வந்தது. வேர்க்கடலை மென்பது போல அமில மாத்திரைகளை மென்றுகொண்டே இருப்பார். ஒருமுறை கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"வெண்டல், நீ எத்தனையோ எடத்துல இருந்தவன். ஒளிக்காம சொல்லு. நான் எங்கய்யா தப்புப் பண்றேன்?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணல, கோச்."

"அப்ப ஏன்யா கடைசியில கையவிட்டுப் போகுது?"

"நல்லாத் தூங்குங்க," என்றேன். அவர் தோளில் கை வைத்து, காபி போட்டுக் கொடுத்தேன். உண்மையைத்தான் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மூன்றாவது வருஷம் ஊர்க்காரர்களுக்கு யாரையாவது பலி கொடுக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் நின்று எதிராளிகளை மறிக்கிற பையன்களுக்குப் பயிற்சி தந்த லைல் பெஷரை அனுப்பினார்கள். கடைசி நேரத்தில் தளர்ந்தது அவர் பையன்கள்தானே. மூன்று குழந்தைகள் அவருக்கு. கடைக்குட்டி தன் மீன்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. நான்தான் போய் எல்லாப் பெட்டிகளையும் கட்டிக் கொடுத்தேன். சோபாவை லாரியில் ஏற்றினேன். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தன கோச்சுகள்ல நீ ஒருத்தன்தான் வந்த, வெண்டல்."

வந்ததில் எனக்கும் திருப்திதான். கஷ்டம் தெரிந்தவன் போய் நிற்காவிட்டால் வேறு யார் போய் நிற்பார்கள்?

பிறகு டேவியன் வந்தான்.

செல்மாக்காரன். அம்மா வெர்லீன், அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஒரே பிள்ளை. பந்தைக் கையில் கொடுத்துவிட்டால் கூட்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் எப்படி வந்தான் என்றே தெரியாது. ஒழுங்கான பையன். மூச்சுக்கு முந்நூறு தரம் 'சார்' போடுவான். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"கோச், அந்தப் பாரத்த நீங்க தூக்காதீங்க. முதுகு போச்சுன்னா மிஸ் டார்லா என்னத்தான் திட்டுவாங்க."

"உன் வயசுல நான் இதுக்கு ரெண்டு மடங்கு தூக்குனேன்டா."

"அப்ப இரும்பு கண்டுபிடிச்சிட்டாங்களா, கோச்?"

ஜிம்மே சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். டார்லாவின் வாழைப்பழ புட்டிங் என்றால் உயிர். பாத்திரத்தை வழித்துத் துடைத்துவிட்டு, அவள் பியானோ வாசிக்க, அடித்தொண்டையில் பாடுவான். டார்லா தன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடிக்காட்ட அவனைப் பள்ளிக்கூடத்துக்கே அழைத்துப்போயிருக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் அப்போது பன்னிரண்டாவதுக்கு வந்திருந்தார்கள். மே மாதம் மேடையேற வேண்டியதுதான் பாக்கி. மே மாதம்வரை எனக்கு இந்த ஊர் வேண்டும். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஆனால் டேவியனின் கால்கள் களைப்பு என்றால் என்னவென்றே தெரியாத கால்கள். என் வியாழக்கிழமைகள் மற்றவர்களிடம் வேலை செய்தன, அவனிடம் செய்யவில்லை. கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் மற்றப் பையன்களெல்லாம் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது, அவன் மட்டும் காலையில் எழுந்து வந்தவன் மாதிரி ஓடுவான். ஏழு ஆட்டம் ஆடி, ஏழும் ஜெயித்தோம். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய இடத்திலிருந்து கிம்ப்ரோவுக்கு ஃபோன் வந்தது. அவர் என் அறைக்கு ஓடிவந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"வெண்டல், நேத்து வறுத்த கோழி சாப்ட்டேன்யா. வயிறு வலிக்கல! கிறிஸ்மஸுக்குள்ள முடிவு சொல்லணுமாம். நீயும் வர்ற. உன்ன விட்டுட்டுப் போவேனா?"

"சந்தோஷம், கோச்," என்றேன். கிறிஸ்மஸுக்கும் மே மாதத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் டேவியனுக்கு இடது காலில், பின்தொடையில் லேசான இழுப்பு. காயங்களைப் பார்த்துக்கொள்கிற கார்லா ஸ்டக்கி என்னிடம் வந்து கண்டிப்பாகச் சொன்னார்.

"ப்ராக்டர், இந்த வாரம் அவன் கால்ல ஒரு காயிதத்தக்கூட ஏத்தாதீங்க. சனிக்கிழமை ஆடட்டும், அதுக்கு முன்னாடி ஓய்வு."

"ஏத்தமாட்டேன்மா," என்றேன்.

புதன்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் டேவியன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கால் எப்படியிருக்கு?"

"ஒண்ணுமில்ல கோச். கார்லாம்மாதான் பெருசு பண்றாங்க."

"அவங்க பயந்த சுபாவம். இந்த மாதிரி இழுப்புக்கு நல்லா வேலை குடுத்தாத்தான் விடும். நாளைக்குக் காலையில வா. நாம ரெண்டு பேர் மட்டும்."

"அவங்க திட்டுவாங்களே."

"யாரு சொல்லப்போறா?"

அவன் சிரித்தான். "நீங்க சொன்னா நான் செவுத்துக்குள்ளகூட ஓடுவேன், கோச்."

எனக்கு உண்மையிலேயே மனசு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு வார்த்தையைச் சம்பாதிப்பது லேசில்லை.

என் எண்ணம் மிகவும் சின்னது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தசை பிடிக்கும், மூன்று ஆட்டம் பெஞ்சில் உட்காருவான், நாங்கள் தோற்போம், ஃப்ளோரிடாக்காரர்கள் ஆர்வம் இழப்பார்கள். வசந்த காலத்தில் அவன் பழையபடி ஓடுவான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அந்தக் காலையில் அவனுக்குத் தாராளமாகவே கொடுத்தேன். அவனும் சளைக்காமல் செய்தான். நடுவில் ஒருமுறை இடது காலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். "இன்னும் ஒண்ணு," என்றேன். செய்தான்.

சனிக்கிழமை இரண்டாம் பாதியில் பந்தோடு திரும்பும்போது இடது கால் அவனோடு திரும்பவில்லை. தரையிலேயே நின்றுவிட்டது. அதே நேரத்தில் இரண்டு பேர் அவன் மேல் வந்து விழுந்தார்கள். முழங்கால் மூட்டு மொத்தமாகப் பிசகிவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது, மேடம். அது அறுந்துபோனது. டாக்டர்கள் நல்லவர்கள், இரண்டு முறை முயன்றார்கள். கடைசியில் முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

வெர்லீன் செல்மாவிலிருந்து வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தார். தலையிலிருந்த வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கோச் ப்ராக்டர், அவன் கண்ணு முழிக்கிறப்ப நீங்க பக்கத்துல இருங்க. என் வாயால என்னால சொல்ல முடியாது. நீங்க சொன்னா அவன் தாங்கிக்குவான்."

நான்தான் சொன்னேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன், அதுதான் மரியாதை. அவன் என் பக்கம் திரும்பினான்.

"நாம ஜெயிச்சோமா, கோச்?"

"இல்லப்பா," என்றேன்.

அதன் பிறகு ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, பையன்களுக்கு மனசே இல்லை. ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. ஃப்ளோரிடாவிலிருந்து ஃபோன் வருவது நின்றது.

பல்கலைக்கழகம் விசாரித்தது. வியாழக்கிழமை ஜிம்மில் டேவியனை யாரோ பார்த்திருக்கிறார்கள். "நானாத்தான் போனேன். கோச்சுக்குத் தெரியாது," என்று அவன் சொல்லிவிட்டான். அப்படிச் சொல் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான். வெர்லீன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறார். ஆனால் தடுத்தும் கேளாமல் அவனாகப் போனதாகிவிட்டதால், இழப்பீடு தர வேண்டுமா என்று இப்போது பேச்சு நடக்கிறதாம். அதற்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கார்லாவை நீக்கினார்கள். பெட்டி கட்ட உதவட்டுமா என்று போய்க் கேட்டேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே மூடிக்கொண்டார். கொஞ்சம் கடுமையான பெண்மணி.

இதிலே எனக்கு மனவருத்தம் கிம்ப்ரோ மேல்தான். கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் வந்து, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"முடிச்சுக்கிட்டேன், வெண்டல். இனிமே இன்னொரு பையன் கீழ விழுறதப் பாக்க என்னால ஆகாது."

மச்சானோடு சேர்ந்து ஏரிக்கரையில் படகு விற்கப் போகிறாராம். அவரை இந்த ஊரில் வைத்திருக்க நான் பட்ட பாடு என்ன, ஒரு வார்த்தை கலந்து பேசாமல் அவர் செய்த காரியம் என்ன! புதிய கோச் தன் ஆளோடு வருகிறார். வழக்கம்போல எனக்கு வேலை போயிற்று.

அன்று டார்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்வது போலவே. நாலு வருஷமாக அவளுக்காக நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா? கடைசியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவன் இங்க வந்து பாடுனானே. அப்பவே முடிவு பண்ணிட்டியா?"

"புட்டிங் சாப்பிடுறப்ப யோசிச்சிட்டிருந்தேன்," என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

மறுநாள் டல்சாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மேடையேற்றத்தன்று வேறு யாரோ பியானோ வாசிப்பார்கள். அது அவள் எடுத்த முடிவு. மே மாதம்வரை வீட்டை வைத்திருப்பேன் என்றேன், வைத்திருக்கிறேன். என் பங்கில் குறை சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. டேவியன் தானாக வரவில்லை. நான்தான் வரச்சொன்னேன், அவன் கால் தாங்காது என்று தெரிந்தேதான் வரச்சொன்னேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், அவனுக்குச் சேர வேண்டியது சேரட்டும். மறைக்க எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை. வியாழக்கிழமை பாரம் தூக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை என்பதையும் நான் பார்த்துவைத்திருக்கிறேன். கென்டக்கியில் ஒரு சின்னக் கல்லூரியில் அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல ஒரு ஆட்டக்காரன் பெயர் கேட்டார்கள், டேவியன் பெயரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசினானாம். ஒரு குறைகூடச் சொல்லவில்லையாம்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். ஏன் இல்லாமல்? நான் என்ன கல்லா, மேடம்? தினமும் நினைத்துப் பார்க்கிறேன். வியாழக்கிழமை என்று வைத்ததுதான் பிசகு. அவனுக்குப் புதன்கிழமையே கொடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே தசை பிடித்திருக்கும், சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். கென்டக்கியில் அதைச் சரிசெய்துகொள்வேன்.